கேஸ் ஷீட்டே ஆசிரியர்

மருத்துவமனையில் படுத்திருக்கும் உறவினரைப் பார்க்கப் போயிருப்பீர்கள். கட்டிலின் கால்மாட்டில் அட்டையில் செருகிய தாள்கள் தொங்கும். அதுதான் கேஸ் ஷீட். டாக்டர் வந்ததும் அதைத்தான் முதலில் புரட்டுவார். அந்தத் தாள்களையே ஆசிரியராக்கியவர் அமெரிக்க மருத்துவப் பேராசிரியர் லாரன்ஸ் வீட் (1923–2017).

மருத்துவம் படித்த வீட், ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தவர். அங்கே மாணவன் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வான். செய்ததையெல்லாம் நோட்டில் எழுதுவான். பேராசிரியர் அதை வரிவரியாகத் துருவிக் கேட்பார். நோயாளிகளின் வார்டிலோ நிலைமை வேறு. டாக்டரின் குறிப்பு ஓரிடம், நர்ஸின் குறிப்பு ஓரிடம், இரத்தச் சோதனை முடிவு இன்னோரிடம். ஒருவர் கால் எலும்பு முறிந்து வருகிறார் என்று வையுங்கள். அவர் இரத்தத்தில் சர்க்கரை அதிகம் என்று பதினான்காம் தாளில் இருக்கிறது. யார் கண்ணிலும் படவில்லை! புண் ஏன் ஆறவில்லை என்று எல்லோரும் பிறகு விழிப்பார்கள்.

1950களின் பிற்பகுதியில் மெய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரில் இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு வீட்டுக்குக் கிடைத்தது. ஆய்வுக்கூட ஒழுங்கை வார்டுக்குக் கொண்டுவர அவர் முயன்றார். முதல் பக்கத்தில் நோயாளியின் எல்லாப் பிரச்சினைகளையும் எண்ணிட்டு எழுத வேண்டும். 1. கால் எலும்பு முறிவு. 2. இரத்தத்தில் சர்க்கரை. அதன்பின் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் எந்த எண்ணுக்கு உரியது என்று காட்ட வேண்டும்.

குறிப்புக்கும் நான்கு படிகள் உண்டு. நோயாளி சொல்வது என்ன? நாம் பார்த்தும் அளந்தும் அறிந்தது என்ன? அதிலிருந்து என்ன நினைக்கிறோம்? இனி என்ன செய்யப்போகிறோம்? இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் 'சோப்' என்று வரும்! மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய இன்னொரு விதி. தெரிந்ததை மட்டும் எழுது என்பார் வீட். கால் வீங்கியிருக்கிறது, காரணம் தெரியவில்லை என்றால் 'கால் வீக்கம்' என்றே எழுத வேண்டும். 'இதய நோயாக இருக்கலாம்' என்று பட்டியலில் ஊகத்தைச் சேர்க்கக் கூடாது. ஊகத்தை எழுதிவிட்டால் அடுத்து வருபவர் அதையே உண்மையென்று நம்பிவிடுவார் அல்லவா?

மாணவனுக்கு எவ்வளவு மனப்பாடம் என்று அவர் சோதிக்கவில்லை. அவன் எழுதிய தாள்களை வாங்கிப் பார்த்தார். ஏதாவது விடுபட்டதா? செய்வதாக எழுதியதைச் செய்தானா? முடிவுக்குக் காரணம் இருக்கிறதா? 1968-இல் இம்முறையை 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் அவர் விளக்கினார்.

1969-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே அவரது குழு 'ப்ராமிஸ்' என்ற கம்ப்யூட்டர் முறையை உருவாக்கியது. திரையை விரலால் தொட்டே குறிப்பெழுதலாம். 1970களில் இது பெரும் புதுமை. மனித மூளை எல்லா மருத்துவ அறிவையும் சுமக்க முடியாது, அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்யட்டும் என்பது அவர் வாதம். பல டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர் காட்டும் வழியில்தான் போகவேண்டுமா என்று முணுமுணுத்தார்கள். ப்ராமிஸ் பிற மருத்துவமனைகளுக்குப் பரவவில்லை. 'சோப்' குறிப்போ இன்றும் பல நாடுகளின் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித்தரப்படுகிறது.