வளர்ப்புப் பிராணிகளும் விமானப் பயணமும்



தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த நாட்களில், லயத்து வாசலைக் காத்த நாய்கள் பல அங்கேயே கைவிடப்பட்டன. இன்று நிலைமை மாறியுள்ளது. ஆஸ்திரேலியாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குச் செல்லும் பிள்ளைகள், வளர்த்த நாயையும் பூனையையும் உடன் கொண்டுசெல்ல விழைகின்றனர். விழைவது நன்றே. ஆயினும், அதிலுள்ள ஆபத்துகளை முதலில் அறிதல் வேண்டும்.

பெரும்பாலான பிராணிகள் விமானத்தின் அடிப்பகுதியிலுள்ள சரக்கறையிலேயே பயணம் செய்கின்றன. அங்கே மூச்சு முட்டிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மையில், உயிருள்ள பிராணிகளை ஏற்றும் சரக்கறையில் பயணிகள் பகுதியைப் போன்றே காற்றழுத்தம் காக்கப்படுகிறது. பேராபத்து வானத்தில் அன்று, தரையிலேயே இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் கூண்டு வெயிலில் காத்துக் கிடக்கும் அந்த நேரமே கொடியது. நம்மைப் போல் உடலெங்கும் வியர்ப்பது நாய்க்கு இல்லை; நாவை நீட்டி இரைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. எனவே நம் நாட்டில் இரவு விமானமோ அதிகாலை விமானமோ உகந்தது.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கும் பாரசீகப் பூனைகளுக்கும் மூச்சுப் பாதை குறுகலானது. அவற்றை ஏற்கப் பல விமான நிறுவனங்கள் மறுக்கின்றன. 2018 மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் ஹூஸ்டனிலிருந்து நியூயார்க் சென்ற ஒரு விமானத்தில், பிரெஞ்சு புல்டாக் குட்டி ஒன்று பையோடு தலைக்கு மேலுள்ள பெட்டியறையில் வைக்கப்பட்டு, இறங்கும்போது இறந்து கிடந்தது. பயணிகளோடு அமர்ந்து செல்லும் பிராணிக்கும் ஆபத்து உண்டென்பதை அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டிற்று.

பயந்து குரைக்குமே என்று தூக்க மருந்து கொடுப்பாரும் உளர். இது பெருந்தவறு. அம்மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைத்து, மூச்சையும் தளர்த்தி, கூண்டு ஆடும்போது உடலைச் சமன்செய்ய முடியாமல் ஆக்கிவிடும். அதைவிட, சில வாரங்களுக்கு முன்னரே கூண்டை வீட்டில் திறந்து வைத்து, அதற்குள் உண்ணவும் உறங்கவும் பழக்குவதே மேல். பிராணி இயல்பாக நிற்கவும், திரும்பவும், படுக்கவும் கூண்டில் இடம் இருக்க வேண்டும் என்பது அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதி. தண்ணீர்க் கிண்ணத்தை உறையவைத்துக் கொடுத்தால், ஏற்றும்போது சிந்தாது. பிறகு உருகிக் குடிநீராகும்.

இனி, விதிகளுக்கு வருவோம். இத்தனை தாள்கள் எதற்கு என்று சலித்துக்கொள்பவர்கள் வெறிநாய்க்கடி நோயை எண்ணிப் பார்க்க வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பில்லை. நம் நாட்டில் 2015-இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மாநிலங்களில் அது தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவி மனித உயிர்களைப் பறித்தது. சிங்கப்பூரோ 1953 முதல் அந்நோய் இல்லாத நாடு. அவர்கள் கண்டிப்பாக இருப்பதில் வியப்பென்ன?

முதலில் தோலுக்கடியில் அரிசி மணியளவு அடையாளச் சில்லைப் பதிக்க வேண்டும். அதன் பின்னரே தடுப்பூசி. வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. அடுத்து இரத்தப் பரிசோதனை. அதில் நோயெதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 அனைத்துலக அலகுக்குக் குறையக் கூடாது. ஆஸ்திரேலியாவாயின், பரிசோதனைக்குப் பிறகு 180 நாட்கள் காத்திருந்து, மெல்போர்ன் அருகே மிக்கல்ஹாம் தனிமைக் கூடத்திலும் குறைந்தது 10 நாட்கள் வைத்திருப்பர். பெரியவர், சிறியவர் என்ற பேதம் அங்கில்லை. 2015-இல் நடிகர் ஜானி டெப்பின் இரு நாய்கள் அறிவிக்கப்படாமல் தனி விமானத்தில் வந்திறங்கின. திருப்பி அனுப்பாவிடில் கொல்லப்படும் என்று அமைச்சரே எச்சரிக்க, அவை அமெரிக்காவுக்குத் திரும்பின.

ஆகவே, தை மாதத்தில் புறப்பட எண்ணுவோர் முந்திய வைகாசியிலேயே கால்நடை மருத்துவரைக் காண வேண்டும். தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக்கிற்குக் கொண்டுசெல்வதற்கும் அனுமதி தேவை. மிகவும் முதிர்ந்த நாயாக இருந்தால், அறிந்த உறவினர் வீட்டில் விட்டுச் செல்வதே அதற்குச் செய்யும் உபகாரம் என்பது என் கருத்து.