அறுநூறு பாகம் கம்பி

"மாமா, அம்பதா, அறுவதா, எழுவதா? ஒண்ணு சொல்லுங்க."

கப்பல் வேலையில் முதல் ஒப்பந்தம் முடிந்து எங்கள் கடலோர ஊரான பெரியதாழைக்குத் திரும்பியிருந்த அக்கா மகன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். திரையில் மூன்று கிடார். ஒன்றுக்கு இளமஞ்சள் கழுத்து, இன்னொன்றுக்குப் பழுப்புக் கழுத்து, மூன்றாவதற்குத் தலை மட்டும் பெரிது. மூன்றும் ஒரே வார்ப்புதான். அமெரிக்காவில் 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், அடுத்தடுத்த பத்தாண்டுகளில் எந்த உருவத்தில் இருந்ததோ அந்தந்தச் சாயலில் இன்று ஸ்குவையர் என்ற பெயரில் குறைந்த விலைக்குச் செய்து விற்கிறார்கள். கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பவன் அவன். சேர்த்த பணத்தில் ஒன்றுதான் வாங்க முடியும்.

"சத்தத்துல என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன். "அதத்தான் ஒங்ககிட்ட கேக்கேன்" என்றான். நான் இயற்பியல் படித்தவன் என்பதால் வந்த வினை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இறங்கிய பிறகு, ஒரு வாரம் வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

மர கிடாரில் கம்பி அதிர, அதன் அதிர்வு மேல்பலகைக்குப் போய், பலகை காற்றை அசைக்கிறது. மின் கிடாரில் அந்த வேலையே கிடையாது. கம்பிகளுக்கு அடியில், ஒவ்வொரு கம்பிக்கும் ஒன்றாக, ஆறு சிறு காந்தத் தண்டுகள். அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக்கம்பிச் சுருள். இதற்குப் பெயர் பிக்கப். மேலே இருக்கும் எஃகுக் கம்பி இந்தக் காந்தத்தால் தானும் ஒரு சிறு காந்தமாகிவிடுகிறது. அது அசையும்போது சுருளுக்குள் காந்தப்புலம் கூடிக் குறைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த விதி இது; மின்நிலையத்து ஜெனரேட்டர் ஓடுவதும் இதே விதியில்தான். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1931இல், அமெரிக்காவில் ஜார்ஜ் பீச்சம் என்பவர் இதைக் கிடாரில் பொருத்திப் பார்த்தார். நைலான் கம்பி கட்டினால் மின் கிடார் ஊமை. காந்தத்துக்கு இரும்பு வேண்டும்.

அந்தச் சுருளில் எவ்வளவு கம்பி இருக்கும்? கனம் 0.063 மில்லிமீட்டர், மின்தடை ஏறத்தாழ 6,000 ஓம். கணக்குப் போட்டால் 1,100 மீட்டர் வருகிறது. இரு கையையும் அகல விரித்த நீளம் எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு பாகம்; அப்படிப் பார்த்தால் அறுநூறு பாகம். விரல் நீளமுள்ள ஒரு பெட்டிக்குள் அறுநூறு பாகம் கம்பி! ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அப்படி மூன்று பெட்டிகள். இதைச் சொன்னதும் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த அவன் அப்பாவே நிமிர்ந்து பார்த்தார். "அறுநூறு பாகமா? சிக்கு விழாதா?" என்றார்.

அவர் கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஆலையில் அந்நாளில் கம்பி சுற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். எந்திரம் சுருளைச் சுழற்றும்; கம்பி எங்கே படிய வேண்டும் என்பதை விரல்தான் வழிநடத்தும். 1956இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா சுற்றிய பிக்கப்புகளை இன்றும் இசைக்கலைஞர்கள் தேடி அலைகிறார்கள். கை சுற்றிய சுருளில் கம்பிகள் ஒழுங்காக ஒட்டிப் படிவதில்லை, இடையில் காற்று நிற்கும். அதனால் சுருளின் மின்தேக்குத் திறன் குறைகிறது; உச்சஸ்தாயி ஒலிகள் தெளிந்து வருகின்றன. 1964 வரை கம்பிக்குப் பூசிய காப்பு தடித்தது, பிறகு பூசியது மெல்லியது. இந்த ஒரு பூச்சு மாற்றம் ஒலியின் குணத்தையே நகர்த்தியது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் ஐம்பதும் அறுபதும் பிரிகின்றன.

இன்னொரு வேறுபாட்டை விரலால் தடவியே பார்க்கலாம். ஐம்பதுகளின் பிக்கப்பில் ஆறு காந்தத் தண்டுகளும் ஒரே உயரத்தில் இல்லை. மூன்றாம் கம்பிக்கு அடியில் இருக்கும் தண்டு நன்றாக எழும்பி நிற்கும். காரணம் எளிது. அன்று கடையில் விற்ற மூன்றாம் கம்பி, மெல்லிய எஃகு இழைமேல் இன்னொரு கம்பி சுற்றியது. உள்ளிழை மெல்லியதால் காந்தத்துக்குக் கிடைக்கும் இரும்பு குறைவு, சத்தமும் குறைவு. அதை ஈடுகட்டத் தண்டை உயர்த்தினார்கள். இன்று எல்லாரும் கட்டுவது சுற்றில்லாத ஒற்றை எஃகுக் கம்பி. இரும்பு கூடிவிட்டது, தண்டோ இன்னும் உயரத்தில். பழைய அச்சை அப்படியே நகலெடுத்த கிடாரில் மூன்றாம் கம்பி மட்டும் மற்றவற்றை மிஞ்சிக் கத்தும். எழுபதுகளின் நடுவில் ஃபெண்டர் ஆலை ஆறு தண்டுகளையும் சமமாக்கிவிட்டது. 'பழமைக்கு அப்படியே உண்மையாக' என்று விளம்பரம் செய்யும்போது, போன தலைமுறையின் ஒரு தேவையும் கூடவே வந்து சேர்கிறது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்ணத்துக்கு வருவோம். அந்தப் பழைய கிடார்களின் புகழ்பெற்ற நிறங்கள் பலவும் கார்களுக்கு டூபாண்ட் நிறுவனம் செய்த வண்ணங்கள். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு, மெல்லியது, காலப்போக்கில் மஞ்சளிக்கும், வெடிக்கும். அறுபதுகளின் கடைசியில் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறினார்கள். மரம் மூச்சுவிட முடியாமல் போனது என்று ரசிகர்கள் இன்றும் வருந்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிக்கப்புக்குப் பூச்சு கேட்காது. இரும்பு அசைவது மட்டும்தான் அதற்குத் தெரியும். மரமும் பூச்சும் கம்பி எவ்வளவு நேரம் அதிரும் என்பதில் சிறிது கை வைக்கலாம். காந்தமும் சுருளும் வைக்கும் கைக்கு அது பக்கத்தில் வராது. பெரியதாழையில் வாழ்கிறவனுக்கோ தடித்த பூச்சு ஒரு வரம். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மரத்தைப் பற்றிப் பேச வேறொரு காரணம் இருக்கிறது. 1959 முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விரல்பலகையாக ஈட்டி மரம் வந்தது. முதலில் பிரேசில் ஈட்டி. அறுபதுகளின் நடுவிலிருந்து இந்திய ஈட்டி, அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தி. ஹார்மோனியப் பெட்டிக்கும் வீட்டுக் கட்டிலுக்கும் நம்மவர்கள் ஆசைப்பட்ட அதே மரத்தின்மேல்தான் உலகத்துக் கிடார்க்காரர்களின் விரல்கள் ஓடின. வெட்டித் தீர்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் தமிழ்நாடு 1994இலேயே ஈட்டி மரங்களுக்கென்று தனிப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 2017 ஜனவரியில் உலக வனஉயிர் வணிக ஒப்பந்தம் ஈட்டிக் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஒரு கிடாரை எல்லை தாண்ட வைக்கவே காகிதம் வேண்டியிருந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கொடுத்தார்கள். அதற்குள் ஆலைகள் மாற்று மரம் தேடிக்கொண்டன.

மருமகன் காட்டிய அறுபதின் விரல்பலகை எந்த மரம் என்று பார்த்தேன். 'இந்தியன் லாரல்' என்று போட்டிருந்தது. பெயரைக் கேட்டால் எங்கோ ஐரோப்பியத் தோட்டத்து மரம் போலிருக்கிறது. அது நம் கருமருது! பட்டை முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். வறண்ட காட்டில் கோடையைக் கடக்கத் தண்டுக்குள் நீரைச் சேர்த்து வைக்கும். 2024இல் ஆந்திரத்தின் பாப்பிகொண்டா காட்டில் வனத்துறையினர் ஒரு கருமருதின் பட்டையைக் கொத்தியதும் குழாய் திறந்ததுபோல நீர் பீறிட்டதை நாடே காணொளியில் பார்த்தது. அங்கே வாழும் கொண்டா ரெட்டி மக்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. தண்ணீர் தாங்கி நின்ற ஒரு மரத்தின்மேல் நம் பையன் விரல் ஓடப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. ஒலியில் இதனால் ஒன்றும் கூடிவிடாது. ஆனாலும் அவனிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.

அடுத்தது இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் அசைவோடு, சுற்றுப்புற மின்சாரத்தின் காந்தப்புலத்தையும் சேர்த்துப் பிடிக்கும். டியூப்லைட், மின்மாற்றி, சுவருக்குள் ஓடும் ஒயர் எல்லாம் அதற்குக் கேட்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஆகவே இரைச்சல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலும் வரும். 98 ஹெர்ட்ஸ் என்பது ஜி சுரம். ஆக நம்மூர்க் கோயிலில் கிடார் சும்மா இருக்கும்போது ஜி சுரத்துக்கு ஒரு துளி மேலே முனகிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே அதே கிடார் பி சுரத்துக்குச் சற்றுக் கீழே முனகும். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1955இல் கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர், எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு சுருள்களைச் சேர்த்து ஹம்பக்கர் செய்தார். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு அந்த வசதி இல்லை. நடுப் பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றியிருக்கும் பிந்திய பதிப்புகளில், சுவிட்சை இடைநிலையில் வைக்கும்போது மட்டும் அது கிடைக்கும். பழைய கிடாரில் மூன்று நிலைதான். இடையில் சுவிட்சை நிறுத்த வாசிப்பவர்கள் தாமே தந்திரம் செய்துகொண்டார்கள். 1977இல்தான் ஆலை ஐந்து நிலைச் சுவிட்ச் வைத்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கிடாரிலிருந்து மிக்ஸருக்குப் போகும் ஒயரைப் பற்றி அவனிடம் சொன்னபோதுதான் அவன் கண் விரிந்தது. சுருளும் ஒயரும் சேர்ந்து ஒரு வடிகட்டி. சுருளின் தூண்டம் 2.2 ஹென்றி, ஐந்து மீட்டர் ஒயரோடு மொத்த மின்தேக்குத் திறன் 600 பிக்கோஃபாரட் என்று வைத்தால், ஒலியின் பளபளப்பு 4,400 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உச்சம் தொடும். ஒயரைப் பத்து மீட்டர் ஆக்கினால் அது 3,200க்கு இறங்கிவிடும். கோயிலில் பாடகர் குழு ஒரு மூலையில், மிக்ஸர் இன்னொரு மூலையில். நீளமான ஒயரை இழுத்துப் போட்டுவிட்டு, 'அறுபது கிடார் மந்தமா இருக்கு' என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஐம்பதுக்கும் அறுபதுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம் அந்த ஒயருக்குள் கிடக்கிறது.

இனி உப்பு. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டும்போது தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். கரையோரத்தில் காற்று அவ்வளவு வறள்வது அரிது. ஆகவே எங்கள் ஊரில் எந்த இரும்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் நாள் முழுதும் படிந்திருக்கிறது. அவனுடைய பழைய கிடாரின் முதல் கம்பியை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளீயப் பூச்சு விரல் படும் இடங்களில் தேய்ந்து, ஊசி முனையளவு செம்புள்ளிகள் வரிசையாக. நகத்தால் கீறினால் சொரசொரத்தது. துரு ஓரிடத்தில் கனம் கூட்டி, இன்னோரிடத்தில் எஃகைத் தின்றிருக்கிறது. கனம் சீரில்லாத கம்பியின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. எப்படி முறுக்கினாலும் சுருதி சேராது. மெல்லிய வெடித்த பூச்சுள்ள கிடாரில் இந்த ஈரம் திருகாணிகளுக்கும் மரத்துக்கும் இறங்கும். ஸ்குவையரின் மூன்று பதிப்பிலும் பூச்சு பாலியூரித்தேன், ஈரத்தைத் தடுக்கும். ஆகவே அந்த விஷயத்தில் அவன் கவலைப்பட ஒன்றுமில்லை. மேல்பூச்சிட்ட கம்பி, வாசித்ததும் துடைக்க உலர்ந்த துணி, பெட்டிக்குள் இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல் என்று எழுதிக் கொடுத்தேன்.

அவன் அறுபதை எடுத்தான். கருமருதுக்காகவா என்று நான் கேட்கவில்லை. ஞாயிறு பூசைக்கு முன்னால் ஐந்து மீட்டர் ஒயரில் மாட்டினான். எதிர்பார்த்தபடியே அந்த ஜி முனகல். பிறகு மெல்லத் தன் உடலைத் திருப்பினான், பலிபீடத்திலிருந்து பக்கவாசல் பக்கமாக, கடல் தெரியும் வரை. சுருளின் திசை மின்சாரத்தின் புலத்துக்குக் குறுக்கே வந்ததும் முனகல் அடங்கியது. அந்த இடத்தில் தரையில் செருப்பால் ஒரு கோடு கீறிவிட்டு, முதல் பாட்டைத் தொடங்கினான்.