பள்ளிக்கூடமே சாட்சி

ஆஸ்திரேலியப் பள்ளிகளில் ஆதிக்குடி மக்களைப் பற்றிப் பாடமே இல்லை என்று இன்று யாரும் சொல்லிவிட முடியாது. எல்லாப் பாடங்களிலும் இழையோட வேண்டிய பொருள்கள் என்று தேசியப் பாடத்திட்டம் மூன்றைக் குறித்திருக்கிறது. அவற்றுள் ஒன்று அபாரிஜினல் மக்கள், டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் ஆகியோரின் வரலாறும் பண்பாடும். சின்ன வகுப்புப் பிள்ளைகள் புள்ளி ஓவியம் வரைகிறார்கள், பூமராங் செய்கிறார்கள், டிஜெரிடூ இசை கேட்கிறார்கள். இதிலெல்லாம் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே பிள்ளை வீட்டுக்குப் போய்ச் செய்தி பார்த்தால் காட்சி வேறு. மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லாத இந்தச் சமூகத்தினர் சிறைக்குள் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறார்கள். 1987இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 99 காவல் சாவுகளை விசாரித்து 1991இல் 339 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதற்குப் பிறகு காவலில் இறந்தவர்களின் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டிவிட்டது. ஓவியம் மட்டும் கற்ற பிள்ளை இந்த இரண்டையும் எப்படி முடிச்சுப் போடும்? 'நன்றாக வரைகிறார்கள், ஆனால் அவர்களிடமே ஏதோ கோளாறு இருக்கிறது' என்றுதான் நினைக்கும். காரணம் சொல்லித் தராத இடத்தில் தப்பெண்ணம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இனவெறியின் வரலாற்றை விட்டுவிட்டுப் பண்பாட்டை மட்டும் கற்பித்தால், அந்தப் பாடம் யாரைப் பெருமைப்படுத்த வந்ததோ அவர்களுக்கே எதிராகத் திரும்பும் என்பதுதான் என் வாதம்.

அந்த வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது? தொலைவில் தேட வேண்டாம்; பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்கலாம். சிட்னிக்கு மேற்கே பரமட்டாவில், ஆதிக்குடிப் பிள்ளைகளுக்கென்று கவர்னர் லக்லன் மக்குவாரி ஒரு பள்ளி ஏற்படுத்தினார். 1815இல் அது நடக்கத் தொடங்கியது. பிள்ளைகள் அங்கேயே தங்க வேண்டும், பெற்றோர் நினைத்தபோது அழைத்துப் போகக் கூடாது என்பது விதி. நான்கு ஆண்டுகள் கழித்து, 1819இல், அந்தப் பிள்ளைகள் இருபது பேரும் ஐரோப்பியப் பிள்ளைகள் ஏறத்தாழ நூறு பேரும் சேர்ந்து எழுதிய தேர்வில் முதல் பரிசு வாங்கியவள் ஓர் ஆதிக்குடிச் சிறுமி. பிற்காலத்தில் மரியா லாக் என்று அறியப்பட்டவள். வயது பதினான்கு இருக்கும். வளர்ந்து, குடும்பம் நடத்தி, தன் சகோதரனுக்கு வழங்கப்பட்டிருந்த நிலத்தைக் கேட்டு 1831இல் கவர்னருக்கு மனுவும் போட்டாள். இவர்களுக்குப் படிப்பு ஏறாது என்று அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் சொல்லப்பட்டதற்குப் பதில், அப்படிச் சொல்லத் தொடங்கும் முன்பே ஆவணத்தில் இருந்தது. இதே மக்குவாரிதான் 1816இல் படையை ஏவியவர். அந்த ஏப்ரலில் ஆப்பின் பகுதியில் ஓர் இரவு, பெண்களும் குழந்தைகளும் உட்படக் குறைந்தது 14 பேர் செத்தார்கள். சிலர் படைக்குப் பயந்து ஓடிச் செங்குத்தான பாறை விளிம்பிலிருந்து விழுந்தார்கள். பிடிபடும் பிள்ளைகளில் சிலரைப் பள்ளிக்குக் கொண்டுவரும்படியும் அந்த உத்தரவில் இருந்தது. பள்ளியும் துப்பாக்கியும் ஒரே மேசையிலிருந்து போன உத்தரவுகள். ஒரு மாணவன் இதைப் படித்துவிட்டால், இனவெறி என்பது கெட்ட மனிதர்களின் கெட்ட வார்த்தை மட்டும்தான் என்று எண்ண மாட்டான். நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொண்ட நிர்வாகமும் அதைச் செய்யும் என்று புரிந்துகொள்வான்.

பிறகு வந்தது கதவடைப்பு. 1883இல் நியூ சவுத் வேல்ஸின் யாஸ் என்ற ஊரில் வெள்ளைப் பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஆதிக்குடிப் பிள்ளைகள் பொதுப்பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சுத்தமாக, ஒழுங்கான உடையோடு, மரியாதையாக வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அரசு அதை நாசூக்காகச் சமாளித்தது. 1902க்குப் பிறகு அந்த நாசூக்கும் போயிற்று. ஒரு பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தாலே போதும், பிள்ளையை வெளியே அனுப்பலாம் என்றாயிற்று. வெளியே போனவர்களுக்கென்று குடியிருப்புகளில் நடந்த தனிப் பள்ளிகளில் எழுத்தைவிட வீட்டுவேலையும் பண்ணைவேலையும்தான் முக்கியம். சமூகத்தின் எதிர்ப்பைக் காரணம் காட்டிப் பிள்ளையை மறுக்கும் அதிகாரம் தலைமையாசிரியர்களிடமிருந்து முழுமையாக எடுக்கப்பட்டது 1972இல்தான். மனிதன் நிலவில் நடந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலர் இன்று தாத்தா பாட்டிகளாக உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளை தாமதமாக வந்தாலோ வராமலே போனாலோ, 'அந்தக் குடும்பத்துக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று ஆசிரியர் குறிப்பெழுதும் முன் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது.

கதவை அடைத்த அரசே பிள்ளைகளைத் தூக்கியும் சென்றது. 1915இல் நியூ சவுத் வேல்ஸ் சட்டத்தில் செய்த திருத்தம், நீதிமன்றத்தைக் கேட்காமலே ஆதிக்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரத்தை ஆதிக்குடிப் பாதுகாப்பு வாரியத்துக்குக் கொடுத்தது. கெம்ப்சி அருகே 1924 முதல் நடந்த கிஞ்செலா சிறுவர் இல்லத்தில் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆளுக்கொரு எண் கொடுத்து அதைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். 1910க்கும் 1970க்கும் இடையில் ஆதிக்குடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இப்படிப் பிரிக்கப்பட்டிருக்கலாம் என்று 1997இல் வெளிவந்த தேசிய விசாரணை அறிக்கை கணித்தது. இந்த வரலாறு பள்ளிகளில் கட்டாயப் பாடமாக வேண்டும் என்பது அதன் 54 பரிந்துரைகளில் ஒன்று. பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரியில். பாடம் மட்டும் இன்னும் பள்ளிக்குப் பள்ளி, ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுகிறது.

பண்பாட்டையும் கொடுமையையும் தனித்தனிப் பாடமாக வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூக்கன் பள்ளத்தாக்கில் இருந்த பாறைக் குகைகளை 2020 மே மாதம் ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுச் சுரங்கத்துக்காக வெடிவைத்துத் தகர்த்தது. அங்கே மனிதர் புழங்கியதற்கு 46,000 ஆண்டுத் தடயங்கள் இருந்தன. முன்பு அங்கே அகழ்ந்தபோது 4,000 ஆண்டுப் பழமையான பின்னிய முடிக் கயிறு ஒன்று கிடைத்தது. அதன் மரபணு, இன்றும் அந்நிலத்துக்குரியவர்களாக வாழும் குடும்பங்களோடு பொருந்தியது. குகையை உடைத்தது திருட்டுத்தனமாக அல்ல, மாநிலச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான். இதில் எது பண்பாட்டுப் பாடம், எது உரிமைப் பாடம்? முடிக் கயிற்றைப் பற்றிச் சொல்லிவிட்டு அனுமதிச் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால், மாணவனுக்குக் கிடைப்பது அருங்காட்சியகத்தின் விளக்கப் பலகைதான்.

எதிர்ப்புகள் சும்மா ஒதுக்கிவிடக் கூடியவை அல்ல. 'அந்தக் காலத்து நியாயம் வேறு, இன்றைய அளவுகோலால் அளக்காதீர்கள்' என்பது அடிக்கடி கேட்பது. இதற்கு நியூ சவுத் வேல்ஸில் 1838 ஜூன் மாதம் நடந்த மையால் கிரீக் படுகொலை பதில் சொல்லும். அங்கே ஒரு பண்ணையில் தங்கியிருந்த விராயராய் மக்களில் குறைந்தது 28 பேரை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்களை, பன்னிரண்டு பேர் கட்டி இழுத்துப் போய் வெட்டிக் கொன்று எரித்தார்கள். வெளியூர் போயிருந்த பண்ணை மேலாளர் வில்லியம் ஹாப்ஸ் திரும்பி வந்து பார்த்தார், அதிகாரிகளுக்கு எழுதினார். அவரும் வெள்ளைக்காரர்தான், அந்தக் காலத்தவர்தான். பதினொரு பேர் மீது நடந்த முதல் வழக்கில் ஜூரிகள் விடுதலை சொல்ல அரைமணி நேரம்கூட எடுக்கவில்லை. அரசு வழக்கறிஞர் பிளங்கெட் விடவில்லை. ஏழு பேர் மீது மறுபடி வழக்குப் போட்டார், டிசம்பரில் ஏழு பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். ஆக, இது கொலை என்று அந்தக் காலத்துச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது. தூக்கில் தொங்கியவர்கள் கைதிகளாக வந்த கூலிகள். தலைமை தாங்கிய நிலக்குடும்பத்து ஜான் ஃபிளெமிங் தப்பியோடி, ஒரு நாளும் விசாரணைக்கு வராமல், தன் ஊரில் மதிப்பாகவே வாழ்ந்து முடித்தார். ஹாப்ஸுக்கு வேலை போயிற்று. அதன் பிறகு கொலைகள் நிற்கவில்லை, வாய் திறப்பதுதான் நின்றது. வகுப்பில் ஒரு வாரம் முழுக்க இந்த ஒரு வழக்கையே வைத்துக்கொண்டாலும் போதும். வர்க்கம், சட்டம், சாட்சி, மௌனம் எல்லாம் அதற்குள் கிடக்கின்றன.

ஆதாரம் பற்றிய ஐயம் இதைவிடக் கனமானது. கீத் வின்ட்ஷட்டில் 2002இல் எழுதிய நூல், ஆதிக்குடி வரலாறே இட்டுக்கட்டியது என்கிற அளவுக்குப் போய், வரலாற்றாசிரியர்களின் அடிக்குறிப்புகளைப் பிடித்து உலுக்கியது. அவருடைய முடிவுகளை நான் ஏற்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையால் நன்மையும் விளைந்தது. நியூகாசில் பல்கலைக்கழகத்தில் லிண்டல் ரயன் தலைமையில் உருவான படுகொலை வரைபடம், 400க்கும் மேற்பட்ட இடங்களை, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் என்ன, அது எவ்வளவு உறுதியானது என்ற மதிப்பீட்டோடு வைத்திருக்கிறது. எதிர்ப்பக்கமும் மிகைப்படுத்தல் இல்லாமல் இல்லை. புரூஸ் பாஸ்கோவின் 'டார்க் ஈமு' ஆதிக்குடிகளை உழவர்களாகக் காட்டியபோது பள்ளிகள் அதை ஆவலோடு எடுத்துக்கொண்டன. மானிடவியலாளர் பீட்டர் சட்டனும் தொல்லியலாளர் கெரின் வால்ஷும் 2021இல் கடுமையாக மறுத்தார்கள். வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்வது ஒன்றும் தாழ்ந்ததல்ல, அவர்களை உயர்த்த உழவராக்கத் தேவையில்லை என்பது அந்த மறுப்பின் உட்கருத்துகளில் ஒன்று. பதினாறு வயதில் இந்த இரண்டு நூல்களையும் எதிரெதிரே வைத்துப் படிப்பது வரலாற்றுப் பயிற்சிதானே.

'பிள்ளைகள் மனதில் குற்ற உணர்ச்சியை ஏற்றுகிறீர்கள்' என்பவர்களுக்கு, ஆதிக்குடிக் கால்பந்து வீரர் ஆடம் கூட்ஸ் 2013 மே மாதம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லலாம். மெல்போர்ன் மைதானத்தில் எல்லைக் கோட்டருகே நின்ற 13 வயதுச் சிறுமி அவரைக் குரங்கு என்று கத்தினாள். அவர் சுட்டிக்காட்டினார், காவலர்கள் சிறுமியை வெளியே அழைத்துப் போனார்கள். மறுநாள் அவர் சொன்னதன் சாரம்: அந்தச் சிறுமியைத் திட்டாதீர்கள், அவள் வளர்ந்த சூழல் அப்படி, அவளுக்கு ஆதரவு தேவை. பிறகு பெரியவர்கள் மைதானம் மைதானமாக அவரைக் கூச்சலிட்டே 2015இல் ஓய்வுபெற வைத்தார்கள். சொல்லின் பின்னாலிருக்கும் வரலாறு தெரியாததால் ஒரு பிள்ளை பெற்ற அவமானத்தைவிட, அதை வகுப்பில் தெரிந்துகொள்வதால் வரும் சங்கடம் பெரிதல்ல. குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க, நாம் நினைப்பதைவிடச் சிறு வயதிலேயே பிள்ளைகளால் முடிகிறது.

'நாங்கள் நேற்று வந்தவர்கள், எங்களுக்கு இதில் என்ன?' என்பது குடியேறிகளின் கேள்வி. சிட்னியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் டூங்கபியில்தான் 1797இல் ஆதிக்குடிப் போர்வீரன் பெமுல்வாய் தன் ஆட்களோடு அரசுப் பண்ணையைத் தாக்கி, பரமட்டாவில் படையோடு மோதினான். ஆனால் இடத்தைவிடச் சட்டத்தின் தொடர்பு நெருக்கமானது. 1902ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடிகளையும் ஆசியா, ஆப்பிரிக்கா, நியூசிலாந்து நீங்கலான பசிபிக் தீவுகளின் மக்களையும் ஒரே வாக்கியத்தில் வெளியே தள்ளியது. அங்கே குடியிருந்த பிரிட்டிஷ் இந்தியர்களுக்கு 1925இல் கதவு திறந்தது. மண்ணின் மக்கள் 1962 வரை காத்திருந்தார்கள். தோலின் நிறத்துக்காக வாடகை வீடு மறுக்கப்பட்டால் இன்று ஒரு தமிழர் எடுத்துக்காட்டக்கூடிய 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுச் சட்டம்தான், டோரஸ் நீரிணைத் தீவுக்காரரான எடி மாபோவின் நில வழக்கை முளையிலேயே கிள்ளப் பார்த்த குயின்ஸ்லாந்து சட்டத்தை 1988இல் செல்லாததாக்கியது. அந்த வழக்கு பிழைத்ததால்தான் 1992இல், இந்த மண் யாருக்கும் உரியதாக இருக்கவில்லை என்ற கற்பனை உயர் நீதிமன்றத்தில் விழுந்தது.

எனக்கு இருக்கும் உண்மையான தயக்கம் வேறு. அது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஆதிக்குடிப் பிள்ளையைப் பற்றியது. படுகொலைப் பாடம் நடக்கும்போது முப்பது தலைகளும் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பும். 'உங்கள் ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?' என்று ஆசிரியரே கேட்டுவிடுவதும் உண்டு. பாடம் கற்க வந்த பிள்ளையைப் பாடப்பொருளாக்குவதும் ஒருவகைக் கொடுமைதான். ஆகவே பாடத்துக்கு முன்பே அந்தக் குடும்பத்துக்குச் சொல்லிவிட வேண்டும், விரும்பாத பிள்ளை பேசாமலிருக்கலாம் என்பது விதியாக வேண்டும், பேச வேண்டிய பொறுப்பை உள்ளூர் மூத்தவர்களிடம் கேட்டுப் பெற வேண்டும். ஆதிக்குடி மக்களை மதிக்கவும் புரிந்துகொள்ளவும் வேண்டும் என்று தேசிய ஆசிரியர் தகுதி அளவுகோல்களில் எழுதியிருக்கிறது. தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்தில் பாடத்தையே தாண்டிப் போகும் ஆசிரியருக்கு அந்த வரி உதவாது, பயிற்சி நாட்கள்தான் உதவும். வந்து பேசும் மூத்தவருக்கு ஒரு நன்றிச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடாமல், மற்ற எந்த வல்லுநருக்கும் தருவதுபோல ஊதியமும் பயணச் செலவும் பள்ளியின் வரவுசெலவுத் திட்டத்தில் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.