பத்து அறுபது ஊத்தலாமா?

"மேப் போட்டாச்சுங்ணா. இனி பத்து அறுபது ஊத்திரலாமுங்களா?"

கோவையில் ஒரு கேரேஜில் காதில் விழுந்த கேள்வி இது. கேட்ட தம்பியின் வண்டி சிறிய டர்போ பெட்ரோல் கார். இன்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்து, எக்ஸாஸ்டை மாற்றி, டர்போ அழுத்தத்தை ஏற்றியிருந்தார். அடுத்த ஞாயிறு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். மெக்கானிக் வாய் திறக்கவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோனார். "பெட்ரோல் வாசம் அடிக்குதுங்க" என்றார்.

கேள்விக்குப் பாதி விடை அந்த மோப்பத்திலேயே வந்துவிட்டது. ஆனால் தம்பிக்கு அது பிடிபடவில்லை.

பவர் ஏறினால் ஆயிலும் கெட்டியாக வேண்டும் என்பது நம் ஊர் கேரேஜ்களின் எழுதாத சட்டம். பைக்குக்கு 'ட்வென்ட்டி ஃபார்ட்டி' கேட்டு வாங்கிப் பழகியவர்களுக்கு 60 என்ற எண்ணைப் பார்த்தாலே ஒரு மரியாதை. 'பத்து அறுபது' என்கிற 10டபிள்யூ-60க்கு அந்த மரியாதையை வாங்கித் தந்ததில் பிஎம்டபிள்யூவின் இ46 எம்3 காருக்குப் பங்குண்டு. நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை சுழலும் அதன் 3.2 லிட்டர் இன்ஜினுக்கு நிறுவனமே சொன்ன ஆயில் அது. அந்த இன்ஜினுக்குச் சொன்னது, அவ்வளவுதான். எல்லா வேக வண்டிக்கும் எழுதிய மருந்துச் சீட்டு அல்ல.

டப்பாவில் உள்ள இரண்டு எண்களும் இரண்டு வேறு சோதனைகளின் விடைகள். டபிள்யூ என்பது வின்டர், அதற்கு முன்னால் வரும் எண் குளிருக்கானது. 5டபிள்யூ ஆயில் மைனஸ் 30 டிகிரியில் இன்ஜினைச் சுழல விடுகிறதா, 10டபிள்யூ மைனஸ் 25 டிகிரியில் விடுகிறதா என்று பார்த்துத் தருவது. ஊட்டியில்கூட அந்தக் குளிர் இல்லை. பின்னால் வரும் எண் சூட்டுக்கானது. 100 டிகிரியில் ஆயிலின் பாகுநிலை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருந்தால் 30, அதிலிருந்து 16.3 வரை 40. 60 என்றால் குறைந்தது 21.9.

பாகுநிலை என்று நல்ல பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அடுப்பில் இருக்கும்போது ஓடுகிற வெல்லப் பாகு இறக்கி வைத்ததும் கரண்டியில் இழுபடுவதைப் போலத்தான் ஆயிலும். காலை 30 டிகிரியில் நாம் ஸ்டார்ட் செய்யும்போது, வழக்கமான 5டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு கெட்டியாக இருக்கிறது. 'மெல்லிசு' என்று நாம் ஒதுக்கும் ஆயிலே அப்படி.

கெட்டி எதற்கு வேண்டும் என்பதற்கு 1883இல் ஒரு துளை விடை சொன்னது. இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். எண்ணெய் உள்ளே போகவில்லை, வெளியே பொங்கி வந்தது. கார்க்கால் அடைத்தார், அது பிதுங்கி வந்தது. மரக்கட்டையை அடித்தார், அதுவும் வந்தது. கடைசியில் அழுத்தமானியை மாட்டினார். சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு வரை காட்டும் அதன் முள் எல்லையைத் தாண்டிப் போனது. பேரிங் தாங்கிய சராசரிச் சுமையோ 100 பவுண்டுதான். பேரிங் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது என்பது அன்று தெரிந்தது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்து, ஆப்பு போல் குறுகும் இடைவெளிக்குள் திணிப்பதால்தான் அப்படி என்று மூன்றாண்டு கழித்து ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்கு எழுதிக் காட்டினார்.

உங்கள் கிராங்க் இன்றைக்கும் அப்படித்தான் மிதக்கிறது. பெரும் சுமையில் அந்தப் படலம் சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆயில் மெலிந்தால் படலமும் மெலியும்.

மெலிய வைப்பவை இரண்டு. முதலாவது சூடு. ஆயில் ஏறத்தாழ 15 டிகிரி கூடுதலாகச் சுட்டால் ஒரு கிரேடு இறங்கிவிடுகிறது. அதாவது 115 டிகிரியில் ஓடும் 40, 100 டிகிரியில் ஓடும் 30க்குச் சமம். ட்ராக்கில் நாலைந்து சுற்று முழு ஆக்ஸிலரேட்டரில் போனால் ஆயில் கூலர் இல்லாத காரில் ஆயில் 130ஐத் தொடலாம். டேஷ்போர்டில் தண்ணீர் முள் அசையாமல் நடுவிலேயே நிற்கும். அதை நம்பக் கூடாது. இரண்டாவது, மெக்கானிக் மோந்து கண்டுபிடித்தது. அதிக அழுத்தத்தில் கூடுதலாகப் பீய்ச்சும் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி சம்ப்பில் கலக்கிறது. சில சதவீதம் கலந்தாலே 40 கிரேடு 30 ஆகிவிடும். இதற்கு மருந்து 60 அல்ல. மேப்பைச் சரிசெய்வதும் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவதும்தான்.

சும்மா கெட்டியாக ஊற்றினால் என்ன நஷ்டம்? பிரஷர் கேஜ் நன்றாக ஏறும், மனசுக்கும் தெம்பாக இருக்கும். ஆனால் பிரஷர் என்பது பம்ப் தள்ளுவதற்கு வரும் எதிர்ப்பு. பாய்ச்சல் வேறு விஷயம். குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால் ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பேரிங்கின் சூட்டைச் சுமந்து போவதும் ஆயிலின் வேலைதான், அதற்குப் பாய்ச்சல் வேண்டும். ஆயில் அழுத்தத்தால் இயங்கும் கேம் டைமிங் பாகங்களும் அந்தக் கெட்டியில் மந்தமாகும். ஃபார்முலா 1 இன்ஜின்களில் இடைவெளி அவ்வளவு நெருக்கம் என்பதால் மெல்லிய ஆயில்தான் போடுகிறார்கள், அதையும் சூடேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்கிறார்கள்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் சொல்லாத இன்னொரு எண் உண்டு. ஹெச்டிஹெச்எஸ் என்பார்கள். 150 டிகிரி சூட்டில், பேரிங்கில் நடப்பதுபோல் வேகமாக அரைபடும்போது ஆயிலின் பாகுநிலை எவ்வளவு மிஞ்சுகிறது என்ற அளவு. ஆயிலைச் சூட்டில் கெட்டியாக வைத்திருக்கச் சேர்க்கும் பாலிமர் இழைகள் அந்த அரைபாட்டில் ஒருபக்கமாகப் படிந்துவிடும், நாளடைவில் அறுந்தும் போகும். இரண்டு எண்களுக்கும் இடைவெளி அதிகமான ஆயில்களில் பொதுவாக இந்த இழைகளும் அதிகம். 30 கிரேடுக்கு இந்த அளவு 2.9 இருந்தால் போதும். ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்களின் ஏசிஇஏ சி3 தரம் கேட்பதோ 3.5. ஆகவே பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு 5டபிள்யூ-30 டப்பாக்களும் ஒன்றல்ல. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தரச் சான்றுதான் முன்பக்க எண்ணைவிட முக்கியம்.

என் கணக்கு இது. உள்ளே பிஸ்டனும் பேரிங்கும் கம்பெனி போட்டவையாகவே இருந்தால், கம்பெனி சொன்ன தரச் சான்றை விடாதீர்கள். ட்ராக்கில் ஆயில் 120 டிகிரிக்கு மேல் நின்றால் ஒரு கிரேடு ஏற்றலாம், அல்லது கூலர் மாட்டலாம். கூலர்தான் மேல். இன்ஜினைப் பிரித்து பேரிங் இடைவெளியைக் கூட்டிக் கட்டியவர்கள் மட்டும், கட்டியவரைக் கேட்டு 50, 60 பக்கம் போகட்டும்.

அந்தத் தம்பிக்கு மெக்கானிக் ஊற்றியது 5டபிள்யூ-40. கூடவே ஆயில் டெம்பரேச்சர் கேஜ் ஒன்றை மாட்டச் சொன்னார். நீங்களும் ட்ராக்குக்குப் போகிறவரானால் முதல் செலவு அந்த கேஜாக இருக்கட்டும். ஒரு நாள் ட்ராக்கில் ஓடிய ஆயிலை, கறுக்கவில்லையே என்று அடுத்த சர்வீஸ் வரை வைத்திருக்காதீர்கள். மறுநாளே வடித்துவிடுங்கள்.