அப்டேட்டுக்குப் பிறகு போன் மக்கர் செய்தால்: ரீசெட் போடுவதற்கு முன் படியுங்கள்

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். கணவர் பல வருடம் ரியாத்தில் வேலை பார்த்தவர். மூன்று வருடங்களுக்கு முன் மவுத்தாகிவிட்டார். அங்கிருந்து அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளை மாமி அழிக்காமல் வைத்திருந்தார். மனம் கனக்கும் நாட்களில் போட்டுக் கேட்பார். சென்ற மாதம் போனில் அப்டேட் வந்தது, அழுத்தினார். மறுநாள் போன் சூடானது, மதியத்துக்குள் சார்ஜ் இறங்கியது, எதைத் தொட்டாலும் தாமதம். பேரன் கடைக்கு எடுத்துப் போனான். கடைக்காரர் "ரீசெட் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லிப் போட்டுவிட்டார். போன் சரியாகிவிட்டது. பதிவுகள் போய்விட்டன. மகளுக்கு எப்போதோ அனுப்பியிருந்த நான்கு மட்டும் மிஞ்சின.

அந்தப் போனை இரண்டு நாள் சும்மா விட்டிருந்தாலே அநேகமாகச் சரியாகியிருக்கும்.

அப்டேட் முடிந்து திரை திறந்ததும் வேலை முடிந்தது என்று நாம் நினைக்கிறோம். உள்ளே வேலை தொடர்ந்து நடக்கிறது. ஆண்ட்ராய்டு போன் எல்லா ஆப்களையும் புதிய மென்பொருளுக்கு ஏற்றபடி மறுபடி தயார் செய்கிறது. ஐபோன் நம் புகைப்படங்களுக்கெல்லாம் மறுபடி அட்டவணை போடுகிறது. சூடும், சார்ஜ் இறங்குவதும் பெரும்பாலும் இதனால்தான். இரண்டு இரவுகள் சார்ஜில் போட்டு வைஃபையோடு விட்டுவிடுங்கள். ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பிறகு பிளே ஸ்டோருக்குப் போய் எல்லா ஆப்களையும் புதுப்பியுங்கள். பழைய ஆப் புதிய மென்பொருளோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிப்பது சாதாரணம். மெமரி நிரம்பிய போனும் மெதுவாகத்தான் ஓடும். வாராவாரம் குவியும் 'ஜும்ஆ முபாரக்' படங்களையும் வீடியோக்களையும் அழித்தாலே பலருக்குச் சில ஜிபி இடம் கிடைத்துவிடும்.

ஒரு வாரம் கழித்தும் மெதுவாகவே இருந்தால், அதுவும் போன் மூன்று நான்கு வருடம் பழையது என்றால், பேட்டரியைச் சந்தேகிக்கலாம். "அப்டேட்தான் போனைக் கெடுத்தது" என்று சொல்பவர்களை நாம் சிரித்து ஒதுக்குகிறோம். ஆனால் தேய்ந்த பேட்டரியால் பழைய ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, அப்டேட் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அதன்பின் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. பழைய போன்களை அப்டேட் பாதித்தது தொடர்பாக 2018-ல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. புது போன் வாங்குவதற்கு முன் பேட்டரியை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு புகார், பாங்கு ஆப் சத்தம் போடவில்லை என்பது. ஆப் கெட்டுப்போகவில்லை, சார்ஜை மிச்சப்படுத்த போன் அதைத் தூங்க வைத்திருக்கும், அல்லது அதற்கிருந்த அனுமதி போயிருக்கும். செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற பகுதிக்குப் போய் அந்த ஆப்பைத் திறங்கள். அறிவிப்பு அனுமதி, இருப்பிட அனுமதி இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 12-லிருந்து 'அலாரம்' என்று தனி அனுமதி ஒன்றும் உண்டு. பேட்டரி பகுதியில் 'கட்டுப்பாடு இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நோன்பு காலத்தில் அப்டேட் செய்திருந்தால், சஹருக்கு எழ அந்த ஆப்பை மட்டும் நம்பாமல் போனிலுள்ள கடிகார அலாரத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை, புளூடூத், சிக்னல் தகராறு என்றால் 'நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட்' போதும். அதில் வைஃபை பாஸ்வேர்டுகள் போன்ற இணைப்பு விவரங்கள்தான் போகும், படங்கள் போகாது. பெயரில் ரீசெட் என்று இருந்தாலும் 'ஃபேக்டரி ரீசெட்' வேறு. அது எல்லாவற்றையும் துடைத்துவிடும். அதேபோல் ஆப்பில் 'கேஷ்' அழிப்பதில் ஆபத்தில்லை. வாட்ஸ்அப்பில் 'டேட்டா' அழித்தால் உரையாடல்கள் போய்விடும்.

ரீசெட் தவிர வழியே இல்லை என்றால் முதலில் வாட்ஸ்அப் பேக்கப் எடுங்கள். ஆண்ட்ராய்டில் அது கூகுள் கணக்கில் சேரும். அங்கே இலவச இடம் 15 ஜிபிதான். 2024-லிருந்து வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. இடம் நிரம்பியிருந்தால் பேக்கப் பாதியில் நின்றிருக்கும், நமக்குத் தெரியாது. கடைசி பேக்கப் தேதியைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனைக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. உம்மாவுக்கோ நன்னிக்கோ போன் வாங்கும்போது கடைப் பையனே ஒரு ஜிமெயில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்திருப்பான். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ரீசெட் போட்ட பிறகு போன் அந்தப் பழைய கணக்கின் பாஸ்வேர்டையோ, பழைய திரைப்பூட்டையோ கேட்கும். திருடனிடம் போன் பயன்படாமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு. தெரியாவிட்டால் சொந்தக்காரரையும் வெளியே நிறுத்திவிடும். பில் இல்லாமல் சர்வீஸ் சென்டருக்குப் போனால் அங்கும் அலைச்சல்தான். போன் நன்றாக ஓடும்போதே பிள்ளைகள் உட்கார்ந்து அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணாக வீட்டிலுள்ள ஒருவர் எண்ணைச் சேர்த்து, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் எழுதி வைக்கலாம்.

உண்மையான சிஸ்டம் அப்டேட் செட்டிங்ஸுக்குள்தான் இருக்கும். "உங்கள் போன் அப்டேட்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு திருட்டு வேலை. தொட்டுப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

அப்டேட்டுக்குப் பின் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுந்தால் ரீசெட் எதுவும் செய்யாது; அது திரையின் கோளாறு. கோட்டைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு, பில்லோடு நிறுவனத்தின் சொந்த சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். வாரண்டி முடிந்த சில மாடல்களுக்கும் இந்தியாவில் நிறுவனங்கள் இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்திருக்கின்றன, ஆகவே கேட்கத் தயங்க வேண்டாம். வெளிக்கடையில் பிரித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடக்கூடும். மறுத்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவும் வழி உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது. பிரச்சினை தொடங்கி இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.