ஐந்து டாலர் கச்சேரி

ஃபுகாஸி குழுவின் ‘வெயிட்டிங் ரூம்’ பாட்டில் முதலில் காதில் விழுவது ஜோ லாலியின் பேஸ் கிட்டார் மட்டும்தான். பிறகு டிரம்ஸும் கிட்டாரும் வந்து சேரும். பாட்டு சூடு பிடித்தாயிற்று என்று நினைக்கும்போது, இருபது விநாடி சொச்சத்தில், எல்லாம் ஒரே வெட்டாக நின்றுவிடும். இழுவை கிடையாது. சில விநாடி முழு மௌனம். அப்புறம் விட்ட இடத்திலிருந்து அதே வேகத்தில் திரும்ப வரும். மேடைக் கச்சேரிகளுக்கு மிக்ஸரில் உட்காருவது என் தொழில். உரக்க வாசிக்கிற குழுக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நொடியில் எல்லோரும் சேர்ந்து கையெடுக்கிற குழு அபூர்வம். 1988-ல் அவர்கள் வெளியிட்ட முதல் தட்டின் முதல் பாட்டிலேயே அது இருந்தது.

இந்தக் குழு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தது. 1980-களின் தொடக்கத்தில் அந்த ஊர் இளைஞர்கள் ‘ஹார்ட்கோர்’ என்ற இசையில் வெறியாக இருந்தார்கள். பங்க் ராக்கையே இன்னும் விரட்டி, பல பாட்டுகளை ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் கத்தி முடிப்பது அது. அதில் பெரிய பெயர் மைனர் த்ரெட். அதன் பாடகர் இயன் மெக்கை, 1980-லேயே நண்பர் ஜெஃப் நெல்சனுடன் சேர்ந்து டிஸ்கோர்ட் என்ற சொந்த ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கியவர். 1983-ல் மைனர் த்ரெட் கலைந்தது. கச்சேரிகளில் இசையைவிட அடிதடி பெருகியிருந்த காலம் அது. அடுத்து ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழு வந்தது. சத்தம் அதேதான், ஆனால் கோபத்தோடு சொந்தத் துயரமும் மெட்டும் உள்ளே வந்தன. கீ பிச்சோட்டோவும் டிரம்மர் பிரெண்டன் கான்டியும் அதில் இருந்தவர்கள். இந்த இருவரும் மெக்கையும் லாலியும் சேர்ந்த குழுதான் ஃபுகாஸி. முதல் கச்சேரி 1987 செப்டம்பரில்.

ஹார்ட்கோரின் உக்கிரத்தை வைத்துக்கொண்டு, அதன் ஒரே வேகத்தையும் ஒரே அச்சையும் விட்டுவிட்ட இசையைத்தான் போஸ்ட்-ஹார்ட்கோர் என்கிறார்கள். ஃபுகாஸியில் அது எப்படி நடக்கிறது என்பதைக் காதால் பிரித்துக் கேட்கலாம். மெக்கையின் கிட்டார் கிப்சன் எஸ்ஜி. தடிமனான, அடர்ந்த ஒலி. பிச்சோட்டோவுடையது ரிக்கன்பேக்கர், மெல்லிசாக, கூராக, கீறிக்கொண்டு போகும். பெரும்பாலான ராக் குழுக்களில் இரண்டு கிட்டாரும் ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்ளும், மிக்ஸரில் பிரித்தெடுப்பதற்குள் நமக்கு மூச்சு முட்டிவிடும். இங்கே ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் வருகிறார். லாலிக்கு ரெக்கே இசையில் ஈடுபாடு. அதனால் பல பாட்டுகளில் மெட்டையே பேஸ்தான் சுமக்கிறது. கான்டி தன் டிரம்ஸோடு ஒரு பெரிய மணியைக் கட்டி வைத்திருப்பார். முதலில் பிச்சோட்டோ பாடகர் மட்டுமே. ‘ரிபீட்டர்’ (1990) ஆல்பத்தில்தான் அவர் கிட்டாரும் முழுதாகச் சேர்ந்தது. குழு தன் முழு உருவத்துக்கு வந்ததும் அதில்தான் என்பேன்.

மேடைக்கு முன்கூட்டியே எழுதிய பாட்டுப் பட்டியல் கிடையாது. ஒருவர் ஒரு துணுக்கைத் தொடங்குவார், மற்ற மூவரும் பிடித்துக்கொள்வார்கள். என் தொழிலில் இருக்கிற யார் இதைக் கேட்டாலும் வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தக் குழுவுக்கு வருடக்கணக்கில் ஒலி பார்த்த ஜோயி பிக்கூரி மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

டிக்கெட் விலை பெரும்பாலும் ஐந்து டாலர். எல்லா வயதினரும் வரலாம் என்பதும் நிபந்தனை. அமெரிக்காவில் குடிக்கச் சட்டப்படி 21 வயதாக வேண்டும் என்பதால், மது விற்கும் பல கிளப்புகளில் பதினாறு வயதுப் பையனோ பெண்ணோ நுழையவே முடியாது. ஆகவே தேவாலயக் கூடம், பள்ளி அரங்கம் என்று இடம் தேடினார்கள். மேனேஜர் இல்லை. டி-ஷர்ட் விற்பதில்லை. முன்வரிசையில் யாராவது மற்றவர்களை இடித்து மிதித்தால் மெக்கை வாசிப்பை நிறுத்திக் கண்டிப்பார். கேட்காதவரின் கையில் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். சொந்த ஊரில் அவர்கள் வாசித்தது பெரும்பாலும் இலவசமாக அல்லது நிதி திரட்ட. 1991 ஜனவரியில், வளைகுடாப் போர் வெடிக்கவிருந்த நாட்களில், கடுங்குளிரில் வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபயெட் பூங்காவில் போரை எதிர்த்து வாசித்தார்கள்.

இதைக் கொள்கைப் பிடிவாதம் என்று தனியாகவும், இசையைத் தனியாகவும் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. எது வேண்டாம் என்று தெரிந்தவர்களின் வாசிப்பு அது. பாட்டிலும் சரி, பணத்திலும் சரி. 1992-ல் சிகாகோ போய் ஸ்டீவ் அல்பினியிடம் ஒலிப்பதிவு செய்தார்கள். பெரிய கை. ஊர் திரும்பிக் கேட்டார்கள், திருப்தி இல்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, பழகிய இன்னர் இயர் ஸ்டூடியோவில் எல்லாவற்றையும் புதிதாகப் பதிந்தார்கள். 1993-ல் வந்த ‘இன் ஆன் தி கில் டேக்கர்’ அப்படி உருவானது.

கடைசி ஆல்பம் ‘தி ஆர்கியுமென்ட்’ (2001). செல்லோவும் இரண்டாவது டிரம்மரும் சேர்ந்து, ஒலி விரிந்து நிற்கிறது. பதினான்கு வருடம் வாசித்த பிறகும் புதிதாகத் தேடிய குழு என்பதற்கு அதுவே சாட்சி. 2002 நவம்பரில் லண்டன் ஃபோரம் அரங்கில் வாசித்ததுதான் கடைசி. குடும்பம், குழந்தைகள் என்று ஆனது. கலைந்துவிட்டோம் என்று அறிவிக்கவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளில் எண்ணூறுக்கும் மேல் ஒலிப்பதிவாகி இருந்தன. 2011-லிருந்து அவற்றை இணையத்தில் விற்கிறார்கள். அவர்கள் குறிப்பிடும் விலை, அதே ஐந்து டாலர்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ‘ரிபீட்டரில்’ தொடங்குங்கள். முதல் தடவை பேஸை மட்டும் பின்தொடருங்கள். பிறகு ‘தி ஆர்கியுமென்ட்’. அதன்பின் அந்த நேரடிப் பதிவுகளில் ஒரே பாட்டை இரண்டு ஊர்களில் வாசித்ததாகப் பார்த்து எடுத்துக் கேளுங்கள். எந்தப் பாட்டிலிருந்து அதற்குள் நுழைகிறார்கள் என்பது ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும்.