சுண்டாட்டம்

மாந்தர்க்கு உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனக் கூறும் தொல்காப்பியர், அவற்றுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். உழைத்துக் களைத்த உடலுக்கும் கற்றுச் சோர்ந்த உள்ளத்திற்கும் விளையாட்டு புத்துயிர் அளிக்கின்றது. ஓடியாடும் விளையாட்டுகளுக்கு அகன்ற திடல் வேண்டும். நால்வர் அமரத்தக்க இடமே போதும் என்னும் விளையாட்டும் ஒன்று உண்டு. அதுவே கேரம் எனப்படும் சுண்டாட்டம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பல மாநிலத்தாரும் பணி புரிகின்றனர். ஒருவர் மொழியை மற்றொருவர் அறியாராயினும், கேரம் பலகையின் முன் அமர்ந்துவிட்டால் அக்குறை தோன்றுவதில்லை. காயின் நிறமும் ஆட்டத்தின் விதியும் அறிந்தார்க்கு வேறு மொழி எதற்கு?

பலகையின் ஆடுபரப்பு ஏறத்தாழ 74 செ.மீ. பக்கமுள்ள சதுரமாகும். நான்கு மூலைகளிலும் குழிகள் உள்ளன. வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1 எனக் காய்கள் பத்தொன்பது. இவற்றை அடிப்பதற்குரிய பெரிய காயை ஸ்டிரைக்கர் என்பர். அதன் எடை 15 கிராமுக்கு மேற்படலாகாது. பலகைமீது போரிக் தூளைச் சிறிது தூவினால், உராய்வு குறைந்து காய்கள் வழுக்கி ஓடும்.

இருவர் ஆடின் எதிரெதிரே அமர்வர். நால்வர் ஆடின் எதிரெதிரே அமர்ந்தோர் ஓரணியாவர். முதலில் ஆடுபவர்க்கு வெள்ளைக்காய் உரியது. ஸ்டிரைக்கரை அடிக்கோடுகள் இரண்டையும் தொடுமாறு வைத்து, விரலாற் சுண்டுதல் வேண்டும், தள்ளுதல் கூடாது. தம் காயைக் குழியில் வீழ்த்தியவர் தொடர்ந்து ஆடுவர். தவறின், முறை அடுத்தவர்க்குச் செல்லும். ஸ்டிரைக்கரே குழியில் வீழ்ந்தால், முன்னர் ஈட்டிய காயொன்றைத் தண்டமாகத் திரும்பத் தருதல் வேண்டும்.

சிவப்புக்காய்க்கு ராணி என்று பெயர். அதனை வீழ்த்தினால் மட்டும் போதாது. அதனுடனோ அடுத்த அடியிலோ தம் காயொன்றையும் வீழ்த்துதல் வேண்டும். இல்லையேல் ராணி பலகையின் நடுவே மீண்டும் வந்தமர்வாள். ஈட்டியதைக் காக்க அறியாதவனிடம் செல்வம் தங்காது என்பதை இவ்விதி நினைவூட்டுகின்றதன்றோ?

தம் காய்கள் அனைத்தையும் முதலில் வீழ்த்தியவரே வென்றவர். எதிரியின் காய்களுள் எஞ்சியது ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளியும், ராணி தம்முடையதாயின் 3 புள்ளிகளும் அவர்க்குக் கிடைக்கும். எனவே, நான்கு காய்கள் எஞ்ச ராணியும் தம் வசமிருப்பின் பெறுவது 7 புள்ளிகள். ஒருவர் 22 புள்ளிகளை எட்டியபின் அவருக்கு ராணியால் பயனில்லை. போட்டிகளில் முதலில் 25 புள்ளி பெற்றவர் அவ்வாட்டத்தை வெல்வர்.

புதிதாய்ப் பயில்வோர் வன்மையாக அடிப்பதே திறமை என எண்ணுவர். விசை மிகுந்த காய் குழிவாயில் மோதி மீளும். அளவறிந்து அடித்த காயோ அமைதியாக உள்ளே வீழும். சட்டத்திற் பட்ட காய் எக்கோணத்திற் பட்டதோ, ஏறக்குறைய அக்கோணத்திலேயே திரும்பும். ஆகவே கண்ணும் கையும் மட்டுமன்றிக் கணக்கறிவும் ஈண்டுத் துணைசெய்யும்.

இவ்விளையாட்டில் தமிழகம் பெற்ற புகழ் பெரிது. உலகக் கேரம் கூட்டமைப்பு 1988ஆம் ஆண்டில் சென்னையிலேயே தோன்றிற்று. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991இலும் 1995இலும் உலக வாகையராகி, 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடியில் வளர்ந்த இளவழகி 2008இல் உலக வாகை சூடினார். அவர் தந்தையார் வண்டி ஓட்டிக் குடும்பம் காத்தவர். 2024இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றவர், வடசென்னையைச் சேர்ந்த காசிமா என்னும் இளநங்கை. அவர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். ஒலிம்பிக் பந்தயங்களில் கேரத்திற்கு இடமில்லை. அதனால் இவர்தம் புகழ் நாடெங்கும் பரவவில்லை. எனினும், எளிய குடிப்பிறப்பு வெற்றிக்குத் தடையன்று என்பதற்கு இவர்களே சான்றாவர்.

மாணவர்களே! பந்தயப் பொருள் வைத்து ஆடின், நல்விளையாட்டும் சூதாகிவிடும், அதனை விலக்குக. பிறர் காணாதவாறு நேர்ந்த பிழையையும் நீங்களே எடுத்துரையுங்கள். ஆட்டம் முடிந்தபின் வெள்ளையும் கறுப்பும் ஒரே பெட்டியில் ஒன்றாக அடங்குகின்றன. வென்றவரும் தோற்றவரும் அவ்வாறே நட்பிற் கூடியிருத்தல் வேண்டும்.